நிறைந்த வீடும் நலிந்த மனமும்

(தம்பிலுவிலில் நடைபெற்ற மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவிலே பேச எழுவோர் மன்றம் ஆற்றிய நற்பணிகளை எடுத்துரைத்தல் வழக்கம். செயலாளரின் அறிக்கையிலே அவை யாவும் செவ்வனே கூறப்பட்டுவிட்டன. ஆதலின், நாம் இன்று வேறொன்றைப் பேச விரும்புகின்றோம். நற்பணி என்று எண்ணி நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியே பேச விரும்புகின்றோம். அப்பிழையைச் செய்தவர்கள் இச்சபையிலே இருக்கின்றார்கள். பேசுகின்ற நாமும் அவர்களுள் அடக்கம். எவர் மீதும் பழி சுமத்துவது எமது நோக்கமன்று. அப்பிழையினால் நாம் ஒரு நோயைப் பற்றி அறிந்துகொண்டோம். அறிந்ததைச் சொல்லாது மறைப்பது இரண்டாவது பிழையாகும்.

2017 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டிலே இலங்கை முழுவதிலும் 186,101 பேர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர் என்று கணக்கெடுக்கப்பட்டது. மாரி தொடங்குமுன் ஊரைத் துப்புரவு செய்யவேண்டும் என்று எமது மன்றம் தீர்மானித்தது. மண்வெட்டியும் கத்தியும் சாக்கும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிரமதானம் செய்தோம். அப்பொழுது ஒரு வளவுக்கு வந்து சேர்ந்தோம். எந்தத் தெரு, எவருடைய வளவு என்று நாம் சொல்லப்போவதில்லை. அறிந்தவர்களும் சொல்லாதிருக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

அது 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடு. எமது பகுதி வழக்கப்படி பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்பட்டது. ஆயினும் அங்கே வசித்தவர் தாய் ஒருவரே. மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் சற்றுத் தொலைவிலே வாடகை வீட்டில் இருந்தனர். தாய்க்கும் மகளுக்கும் பகையோ என்றால், இல்லை. வீட்டிலே பாய் விரிக்க இடமில்லை, அதுவே காரணம்.

உள்ளே நாம் கண்டதைச் சொல்லவேண்டும். விறாந்தையிலே காலொடிந்த பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மண்டபத்திலே கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகள், பால்மாப் பேணிகள், போத்தல்கள், ஒற்றைச் செருப்புகள், பழுதான மின்விசிறிகள். கழுவி மடித்த சொப்பிங் பைகள் சாக்குச் சாக்காக இருந்தன. கட்டில் எங்கே என்று தெரியவில்லை. யன்னல்கள் மறைந்துவிட்டன. வாசலிலிருந்து குசினிக்குச் செல்ல ஒருவர் உடம்பைச் சரித்துக்கொண்டு நடக்கத்தக்க ஓர் ஒற்றையடிப் பாதை மட்டுமே இருந்தது. வளவிலே கிடந்த பேணிகளில் மழைநீர் தேங்கி நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.

மகள் எம்மிடம் வந்து, "நான் அம்மாவக் கோயிலுக்குக் கூட்டிப் போறன். வாறத்துக்குள்ள முடிச்சிருங்க தம்பிமாரே" என்றார். அவருடைய கண்ணீரைக் கண்டு நாமும் இரங்கினோம். தாயார் இல்லாத அந்த மூன்று மணித்தியாலத்தில், உழவு இயந்திரப் பெட்டியிலே மூன்று தடவை ஏற்றி இறக்கினோம். வீட்டைக் கழுவினோம். துப்புரவுக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து முகநூலிலே இட்டோம். பலர் பாராட்டினார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

அந்த ஆச்சி திரும்பி வந்தார். அவர் ஏசவில்லை, அழவுமில்லை. வெறுமையான மண்டபத்தின் நடுவே நின்று, சுவரிலே கையை ஊன்றிக்கொண்டு, "என்ட வீடு எங்க மனே?" என்று கேட்டார்.

அன்றைக்கு அந்தக் கேள்வி எமக்கு விளங்கவில்லை. வயதின் தடுமாற்றம் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டோம். மூன்றாம் நாள் மகள் ஓடிவந்தார். வீட்டின் உறுதி ஒரு பிஸ்கற் பேணியிலே இருந்ததாம். நாம் குப்பை கொட்டிய இடத்துக்கு ஓடினோம். பேணிகளையும் இரும்பையும் அக்கரைப்பற்றுப் பகுதியைச் சேர்ந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அள்ளிச் சென்றிருந்தார். விடயத்தைக் கேட்டதும் அந்த முஸ்லிம் சகோதரர் தமது வியாபாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு நாள் எம்மோடு கொட்டிலைக் கிளறினார். குடும்பப் படங்கள் இருந்த பேணி கிடைத்தது, உறுதி கிடைக்கவில்லை. காணிப் பதிவகத்திலே பிரதி எடுத்து முடிப்பதற்குப் பல மாதங்கள் சென்றன.

இதனினும் பெரிய தீங்கு பின்னரே நிகழ்ந்தது. ஓர் ஆண்டுக்குள் அவ்வீடு முன்போலவே நிறைந்துவிட்டது. முன்பு திறந்திருந்த கதவு இப்பொழுது பூட்டப்பட்டது. மகளுக்கும் திறக்கவில்லை, பேரப்பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் திறக்கவில்லை. அடுத்த மாரியிலே அவருக்குக் காய்ச்சல் கண்டது. எவருக்கேனும் சொன்னால் ஆட்கள் வருவார்கள், வந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அஞ்சி, நான்கு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் உள்ளேயே கிடந்தார். கிணற்றடியில் ஆளைக் காணவில்லையே என்று ஐயுற்ற அயல்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டி, வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றார். ஆச்சி பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தது அந்த அயலவரால். காய்ச்சலை மறைத்தது எம்மால். இதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சபையோர்களே! அதன் பின்னரே நாம் உளநல வைத்தியர் ஒருவரை நாடிச் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் பார்த்தது குப்பையன்று, ஒரு நோயின் அடையாளம்" என்றார். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் கற்றவற்றையும் இனிக் கூறுவோம்.

இந்நோய்க்குத் தமிழிலே நிலைபெற்ற பெயர் இல்லை என்பதே முதல் இடர். 'பதுக்கல்' என்றால் அரிசியையும் சீனியையும் மறைத்துவைத்து விலையேற்றும் வியாபாரி நினைவுக்கு வருகின்றான். அது குற்றம்; இது நோய். 'சேகரிப்பு' என்றால் முத்திரையும் நாணயமும் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, நண்பருக்குக் காட்டி மகிழும் பொழுதுபோக்கு. இந்நோயுள்ளவரோ வீட்டுக்குள் எவரையும் விடுவதற்கு நாணுகின்றார். 'உலோபம்' என்றால் திருக்குறளின் 101 ஆம் அதிகாரமாகிய நன்றியில் செல்வத்திலே கண்டிக்கப்படும் குணம். உலோபி பிறருக்குக் கொடான். இந்நோயுள்ளவரோ, கேட்டால் மடிப்பணத்தையும் கொடுத்துவிடுவார், உடைந்த பேணியை மட்டும் விடமாட்டார். நாம் இதனைப் 'பொருட்குவிப்பு நோய்' என்று அழைப்போமாக.

மனநோய்களை வகுத்துக் கூறும் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல், 2013 ஆம் ஆண்டிலேதான் இதனைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னர், ஒரே எண்ணமும் ஒரே செய்கையும் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் வேறொரு மனநோயின் கிளையாகவே இது கருதப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு 2022 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதிலும் இது தனி நோயாக இடம்பெற்றுள்ளது. ஆகவே, 2017 இல் இதனை அறியாதிருந்தது எமது ஊர் மட்டுமன்று. ஆனால், இன்று அறியாதிருப்பதற்கு நியாயமில்லை.

இதன் இலக்கணம் யாதெனின், பொருளுக்கு விலையுண்டோ இல்லையோ, அதனைக் கைவிடுவது நோயாளருக்குப் பெருந்துன்பமாகத் தோன்றும். "பிறகு தேவைப்படும்", "வீணாக்கலாமா", "இது இன்னாரின் நினைவு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. இக்காரணங்கள் நம்மிடமும் உள்ளனவே என்பீர்கள். உண்மை. எமது வீடுகளில் தேங்காய்ச் சிரட்டையும் பழஞ்சேலையும் கூட வீணாவதில்லை. அது சிக்கனம், போற்றத்தக்கது. ஆனால் கட்டிலிலே படுக்க இயலாமலும், அடுப்பிலே சமைக்க இயலாமலும், வாசலால் நடக்க இயலாமலும் பொருள்கள் நிறைந்து, அதனால் வாழ்க்கை குலையும்பொழுது அது நோயாகின்றது. எத்தனை பொருள் என்பது கணக்கன்று. வீடு வீடாக வழங்குகின்றதா என்பதே கணக்கு.

இது முதுமையிலே திடீரெனத் தோன்றுவதுமன்று. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே முளைவிட்டு, ஆண்டு செல்லச்செல்ல மெல்ல வளர்ந்து, பெற்றோரும் துணைவரும் மறைந்து தனிமை வந்த பின்னர் ஊரார் கண்ணிலே படுகின்றது. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. மனச்சோர்வு நோய் உடனிருத்தல் பெரும்பான்மை. மறதி நோயினாலும், மூளையிலே பட்ட காயத்தினாலும் பொருள்கள் குவிவதுண்டு. அவற்றுக்குச் சிகிச்சை வேறு. ஆதலாலே வைத்தியரின் கண் முதலிலே படவேண்டும்.

சோம்பலினால் குவிக்கின்றார்கள் என்று எண்ணுவோருக்கு ஓர் ஆய்வைச் சொல்லுகின்றோம். அமெரிக்காவிலே டேவிட் ரொலின் என்பாரும் அவர்தம் குழுவினரும் செய்து 2012 இல் வெளியிட்டது. நோயுள்ளவர்களுக்கு, அவரவர் வீட்டுக் கடதாசிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, வைப்பதா அழிப்பதா என்று கேட்டு, அவ்வேளையிலே மூளை இயங்கும் விதத்தைக் கருவியினால் பார்த்தார்கள். பிறருடைய கடதாசிகளைக் காட்டியபொழுது மூளையின் சில பகுதிகள் மற்றையோரிலும் குறைவாகவே இயங்கின. தமது கடதாசி என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொதித்தெழுந்தன. முடிவு செய்வதே அவர்களுக்கு நோவு. சோம்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எத்தனை பேருக்கு இந்நோய் உண்டு? பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019 இல் வெளிவந்த கணிப்பு நூற்றுக்கு 2.5 பேர் என்கின்றது. எமது மொழியும் அரசகரும மொழியாக விளங்கும் சிங்கப்பூரிலே 2010 ஆம் ஆண்டு மக்களின் உளநலத்தைப் பற்றிச் செய்த பேராய்வு, வாழ்நாளில் இவ்வியல்பு காணப்பட்டோர் நூற்றுக்கு இருவர் என்று கண்டது. அக்கணக்கு இங்கும் பொருந்துமாயின், வளர்ந்தோர் ஆயிரம் பேர் வாழும் குறிச்சியிலே இருபது பேர் இருப்பர். நாம் அறிந்தது ஓர் ஆச்சியை மட்டுமே. ஏனையோர் பூட்டிய கதவுக்குள் இருக்கின்றனர்.

கதவு பூட்டிய வீட்டை அயலார் வேடிக்கை பார்த்ததனால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த வரலாறு ஒன்று உண்டு. நியூயோர்க் நகரத்தின் ஹார்லம் பகுதியிலே ஹோமர் கொலியர், லாங்லி கொலியர் என்று இரு சகோதரர்கள் வாழ்ந்தார்கள். கற்றவர்கள், செல்வக் குடும்பத்தவர். மூத்தவர் கண்ணிழந்து முடமானார். இளையவர் தமையனுக்குப் பணிவிடை செய்தார். கண் திரும்பியதும் தமையன் வாசிக்கவேண்டுமே என்று ஆண்டாண்டாகப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்தார். ஊரார் அவ்வீட்டைப் பற்றிக் கதை கட்டினர். சிறுவர் யன்னலுக்குக் கல்லெறிந்தனர். அஞ்சிய லாங்லி, நுழைவோர்மேல் விழுமாறு பொருள்களைப் பொறியாக அடுக்கிவைத்தார். 1947 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆந் திகதி பொலிசார் உட்புகுந்து ஹோமரின் உடலைக் கண்டனர். லாங்லி ஓடிவிட்டார் என்று எண்ணி வேற்றூர்களிலும் தேடினர். ஏப்ரில் 8 ஆந் திகதி, தமையனின் உடல் கிடந்த இடத்துக்குப் பத்தடி தூரத்திலே, தாம் அமைத்த பொறியே விழுந்து நசுக்க இறந்துகிடந்த அவரைக் கண்டெடுத்தனர். தமையனுக்கு உணவு கொண்டுபோகும் வழியிலே அவர் இறந்தார் என்றும், உணவின்றி மூத்தவர் இறந்தார் என்றும் தெரிந்தது. அவ்வீட்டிலிருந்து அகற்றிய பொருள்கள் நூறு தொன்னுக்கு மேற்பட்டவை. கல்லெறிந்த கைகளுள் ஒன்றேனும் கதவைத் தட்டி நலம் விசாரித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் அவர்களை அவர்கள் பாட்டிலே விட்டுவிடலாமா? விடலாகாது. அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரத் தீயணைப்புப் படையினரின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2009 இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். வீட்டுத் தீ விபத்துகள் நானூறிலே ஒன்றுதான் இவ்வகை வீடுகளில் நிகழ்ந்தது. ஆனால் தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் நூற்றுக்கு 24 இவ்வீடுகளிலேயே நிகழ்ந்தன. தப்பிச் செல்ல வழியின்மையே அதற்குக் காரணம். எமது ஊரிலே குப்பி விளக்கும் விறகடுப்பும் இன்னும் உள்ளன. டெங்குவையோ சொல்ல வேண்டியதில்லை. நுளம்பு ஒரு வேலியோடு நிற்பதில்லை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுக்குரியவரையே பொறுப்பாக்குகின்றது. அயலவரின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. ஆகவே, செய்யவேண்டும் என்பதிலே ஐயமில்லை. எவ்வாறு செய்வது என்பதே கேள்வி.

அந்த ஆச்சியின் வீட்டுக்கு நாம் திரும்பவும் போன கதையைச் சொன்னால் விடை விளங்கும்.

வைத்தியசாலையிலிருந்து அவர் வந்த பின்னர், எமது மன்றத்து யுவதி ஒருவரும் மகளும் மட்டும் போனார்கள். முதலிலே மன்னிப்புக் கேட்டார்கள். மூன்று வாரம் கதவு திறக்கவில்லை. நான்காம் வாரம் விறாந்தையிலே இருக்கச் சொன்னார். அவர்கள் ஒரு பொருளையும் தொடவில்லை. குப்பை என்ற சொல்லையும் வாயால் சொல்லவில்லை. "ஆச்சி, இரவில எங்க படுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். கதிரையிலே சாய்ந்துகொண்டு உறங்குவதாகவும், முதுகு நோவதாகவும் ஆச்சி சொன்னார். அப்படியானால் கட்டிலை மட்டும் எடுப்போம் என்று உடன்பாடு ஏற்பட்டது. வீடு முழுவதுமன்று, ஒரு கட்டில் மட்டும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம். மூன்று கடகங்கள் வைக்கப்பட்டன. வைத்திருப்பது ஒன்றில், கொடுப்பது ஒன்றில், இன்னும் முடிவு செய்யாதது ஒன்றில். எடுப்பதும் இடுவதும் ஆச்சியின் கையே. ஒரு நாள் பேணி ஒன்றைக் கையிலே வைத்துக்கொண்டு, "அலை வந்து போன பிறகு ஒண்டும் மிஞ்சல்ல மனே, ஒரு பேணிகூட" என்றார். அயலவர் சொல்லியே நாம் அறிந்தோம்: இளம்பெண்ணாக இருந்த காலத்திலேயே அவர் எதனையும் எறியாதவராம். 2004 இன் பின்னரே அது கட்டுக்கடங்காமற் போனது.

சபையோர்களே! எமது கரையோரம் 1978 இன் சூறாவளியைக் கண்டது. 1990 இன் இடப்பெயர்வைக் கண்டது. 2004 இன் அலையைக் கண்டது. இழந்தவர் யாவரும் குவிப்பவர் ஆகவில்லை. குவிப்பவர் யாவரும் இழந்தவருமல்லர். வறுமைதான் இதற்குக் காரணம் என்பதற்கும் ஆய்வாளர் சான்று காணவில்லை. ஆயினும் துயர நிகழ்ச்சிகளின் பின்னர் இந்நோய் முற்றுவது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அந்த ஆச்சிக்கு நாம் செய்தது என்ன? அலை ஒருமுறை அள்ளிக்கொண்டு போனது. நாம் இரண்டாம் முறை அள்ளிக்கொண்டு போனோம். "என்ட வீடு எங்க மனே?" என்ற கேள்வி அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

எட்டு மாதத்திலே கட்டில் வெளிப்பட்டது. அடுப்படி வெளிப்பட்டது. வாசலிலிருந்து கிணற்றடி வரையும் நேராக நடக்க வழி உண்டாயிற்று. வளவிலே நீர் தேங்கும் பேணிகளைக் கவிழ்த்து வைக்கவும், பின்னர் கொடுத்துவிடவும் ஆச்சி தாமே இசைந்தார். அவற்றை வாங்கவும் அதே வியாபாரியே வந்தார். ஒவ்வொரு பேணியையும் திறந்து காட்டிய பின்னரே சாக்கிலே போட்டார். பத்திரிகைக் கட்டுகள் இன்றும் மண்டபத்தில் உள்ளன. முழு வெற்றி என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் பேரப்பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் உறங்குகின்றார்கள். கதவு திறந்திருக்கின்றது.

நாம் செய்தது கைவைத்தியமன்று. வைத்தியர் காட்டிய வழியே. இந்நோயைத் தீர்க்கும் குளிசை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இதுவரை இல்லை. உடனிருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. இதற்கென வகுத்த உளச் சிகிச்சையே பெரிதும் பயன் தருகின்றது. அது எண்ணத்தையும் பழக்கத்தையும் மெல்ல மாற்றும் பயிற்சி: தரம் பிரிக்கப் பழகுதல், முடிவு செய்யப் பழகுதல், கைவிடும்பொழுது எழும் துன்பம் தானே தணியும் என்று கண்டறிதல், புதிதாகச் சேர்ப்பதைக் குறைத்தல். மாதக்கணக்காகும். நோயுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிக் கற்கும் சிறு குழுக்களும் வெளிநாடுகளில் நற்பயன் தந்துள்ளன. சிங்கப்பூரிலே 2014 ஆம் ஆண்டு, வீடமைப்பு, சுகாதாரம், சமூகசேவை ஆகிய துறைகளை ஒன்றுசேர்த்து இதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். ஒரு திணைக்களம் மட்டும் தனித்துச் செய்யும் வேலையன்று இது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். எமது சிற்றூரிலும் அது இயலாததன்று. கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், சமூகசேவை உத்தியோகத்தர் என்று எல்லோரும் இருக்கின்றார்கள். அவர்களை ஒரு மேசையிலே கூட்டுவது மன்றத்தின் கையிலே உண்டு.

இனி, ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்.

குடும்பத்தவர்களே! உங்கள் களைப்பை நாம் அறிவோம். ஆயினும் அவர் இல்லாத வேளையிலே வீட்டை ஒழிக்காதீர்கள். ஒருநாள் வெளிச்சமாகும், பின்னர் நம்பிக்கை அழியும். "பெரிய மனுசி, வெட்கமில்லையா" என்று ஏசுவதும் உதவாது. வெட்கம் அவருக்கு ஏற்கெனவே மிகுதி. பொருளைப் பற்றி விவாதிக்காமல், உறக்கம், சமையல், விழாமல் நடத்தல் என்று அவருக்கு வேண்டியதைப் பற்றிப் பேசுங்கள். கட்டாயம் அகற்றவேண்டியது ஏதும் இருந்தால், அடுப்புக்கு அருகிலிருப்பதும், வாசலை மறிப்பதும், நீர் தேங்குவதும் முதலில். அதனையும் அவருக்குச் சொல்லி, அவர் கண்முன்னே செய்யுங்கள்.

பெரியோர்களே! பற்றை விடு என்று அறிவுரை கூறுதல் உங்கள் வழக்கம். நலமுள்ளவருக்கு அது நல்ல அறிவுரை. காய்ச்சற்காரனிடம் உடம்பைக் குளிரவை என்று கட்டளையிட்டால் குளிருமா? நோயுள்ளவரைப் பற்றில் உழலும் பாவியாக எண்ணாது, சிகிச்சை வேண்டிய ஒருவராக எண்ணுங்கள். பிள்ளைகள் அவ்வீட்டுக்குப் பட்டப்பெயர் சூட்டினால் கண்டியுங்கள்.

இளைஞர்களே! சிரமதானத்தைக் கைவிடச் சொல்லவில்லை. தெருவையும் கோயில் வீதியையும் பாடசாலையையும் நூறு பேர் கூடித் துப்புரவு செய்யலாம். ஒரு மனிதரின் வீட்டுக்குள்ளே போவதற்கு இருவர் போதும். அவ்விருவரும் அழைக்கப்பட்டே போதல் வேண்டும். அங்கே படம் பிடித்தலாகாது. நாம் இட்ட அந்தப் படங்களை ஆச்சியிடம் சொல்லி அழித்துவிட்டோம். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அழிக்க முடியவில்லை.

இறுதியாக, இச்சபையிலேயே இருக்கக்கூடிய ஒருவருக்குச் சொல்லுகின்றோம். உங்கள் வீட்டிலும் கதவு பூட்டியிருக்கலாம். உறவினர் வந்தால் வாசலிலே நிறுத்திப் பேசி அனுப்புகின்றீர்கள். நீங்கள் மட்டும் அப்படி இல்லை. இது உங்கள் குற்றமன்று; வழியும் உண்டு. எமது கரையோரத்து ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவை விசாரித்துச் செல்லலாம். நேரிற் செல்லக் கூச்சமாயின், தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், பெயர் சொல்லவேண்டியதில்லை. எம்மிடம் வர விரும்பினால், உங்கள் விறாந்தையிலே வந்து இருக்கின்றோம். உங்கள் அனுமதியின்றி ஒரு பேணியையும் தொடமாட்டோம்.

வைகாசியிலே எமது கண்ணகை அம்மனின் குளிர்த்தி வருகின்றது. வீடுவாசல் கழுவி ஊரே ஆயத்தமாகும் காலம். அந்நாளிலே எந்த வீட்டின் கதவு திறக்கவில்லை என்று பாருங்கள். ஏன் திறக்கவில்லை என்று ஊராரிடம் கேட்காதீர்கள்; போய் மெல்லத் தட்டுங்கள். திறக்காவிட்டால் அடுத்த வாரமும் தட்டுங்கள். இந்த ஆண்டுக்கு மன்றம் ஏற்கவேண்டிய பணி இதுவென்று நாம் முன்மொழிகின்றோம்.